நடுவில் இருந்த கொழுந்து

இலை பச்சை நிறம் என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். ஹட்டனில் ஒரு பாடசாலையில் சித்திரம் படிப்பிக்கிறேன். ஒவ்வொரு வருடமும் புதிதாக வரும் பிள்ளைகள் பச்சை டியூப்பைப் பிதுக்கி அப்படியே தாளில் அப்புவார்கள். ஜன்னலுக்கு வெளியே தேயிலை மலை நிற்கும். "வெளிய பாருங்க" என்பேன். எல்லாரும் ஒழுங்காகத் திரும்பிப் பார்ப்பார்கள், பிறகு குனிந்து அதே பச்சையை இன்னும் கொஞ்சம் அப்புவார்கள். பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை. பெரியவர்களும் அப்படித்தான் பார்க்கிறார்கள்.

தேயிலையில் பச்சை குறைவு. முற்றிய இலை வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடக்கிறது, அதன் மேல் தெரிவதில் பாதி வானம்தான். கைப்பேசியில் இலை வரையக் கற்றுத்தரும் வெளிநாட்டுக்காரர்கள் அந்த மினுக்கத்துக்கு வெள்ளையோடு ஒரு துளி நீலம் சேர்க்கச் சொல்வார்கள். அவர்கள் ஊர் வானம் நீலமாக இருக்கலாம். எங்கள் வானம் வருடத்தில் பாதி நாள் அடுப்புச் சாம்பல் நிறம். இங்கே நீலம் வைத்தால் இலை பிளாஸ்டிக்காகிவிடும். இளம் இலையோ வேறு ரகம். வெளிச்சம் அதன்மேல் பட்டுத் திரும்பாமல் ஊடுருவி வருகிறது, அங்கே மஞ்சள்தான் வேலை செய்யும். நரம்பைக் கோடு கோடாகக் கீறக் கூடாது. இரண்டு பக்கமும் இருட்டை வைத்தால் நரம்பு தானாக எழும்பி நிற்கும். மொட்டின் மேல் இருக்கிற வெள்ளை ரோமத்துக்கு, வண்ணம் கிட்டத்தட்ட இல்லாத காய்ந்த பிரஷால் ஒரே ஒரு தடவல் போதும். இரண்டாவது தடவல் வைத்தால் மொட்டு கம்பளிப்பூச்சி ஆகிவிடும்.

இதையெல்லாம் நான் யாரிடமும் படிக்கவில்லை. கெடுத்துக் கெடுத்துத்தான் கண்டுபிடித்தேன்.

கொத்மலைப் பக்கம் ஒரு பழைய துரை பங்களாவை ஹோட்டலாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். அதன் அலங்காரப் பொறுப்பில் கொழும்புப் பெண் ஒருத்தி இருந்தாள், என்னைவிட வயதில் சின்னவள். யாரோ அனுப்பிய, நான் வரைந்த படமொன்றைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு அழைத்தாள். வரவேற்பு மேசைக்குப் பின்னால் மாட்ட ஒரு பெரிய எண்ணெய் வண்ணப் படம் வேண்டும். தேயிலைச் செடியின் தலை மட்டும், மிகக் கிட்டத்தில், நாலைந்து கொழுந்துகள், நடுவில் இருப்பது மட்டும் பெரிதாக, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக.

"போட்டோ மாதிரி இருக்கணும் டீச்சர். ஆனா போட்டோ இல்லன்னு பாக்குற ஆளுக்குத் தெரியணும்" என்றாள்.

எனக்கு அக்ரிலிக்தான் பழக்கம். ஒரு தேத்தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் காய்ந்துவிடும். எண்ணெய் வண்ணம் காய்வது எங்கள் ஊரில் பெரிய கதை. துவைத்த துணியே மூன்று நாள் அடுப்படியில் தொங்க வேண்டிய இடத்தில் ஆளிவிதை எண்ணெய் எங்கே காயப் போகிறது? அதையெல்லாம் அவளிடம் சொல்லாமல் சரி என்றேன். பெரிய கேன்வஸில் எண்ணெயில் வரைய வேண்டும் என்று எனக்கும் ரொம்ப நாள் ஆசை.

நோர்வூட்டுக்குப் பக்கத்துத் தோட்டத்தில், வரிசை வீடுகளான லயத்தில், ஒரு காம்பராவில், அம்மாவும் நானும் இருந்தோம். தம்பி கொழும்பில் ஒரு கடையில் வேலை, குடும்பமும் அங்கேதான். அப்பா உயிரோடு இருந்தபோது காம்பராவின் முன்னால் தகரம் போட்டு இழுத்துக் கட்டிய ஒரு சின்ன அறை உண்டு. அதன் சுவரில் கேன்வஸைச் சாய்த்து வைத்து வரைந்தேன். பாடசாலை விட்டு வந்ததும் ஆரம்பித்தால் வெளிச்சம் போகும்வரை வரைவேன். டர்பன்டைன் வாடை வீட்டில் சோற்றில்கூட அடித்தது.

அம்மா வேலை செய்த காலமெல்லாம் கொழுந்து பறித்தவர். ஓய்வு பெற்ற பிறகு வாசல்படியில் உட்கார்ந்து எதிரில் இருக்கும் மலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். எங்கள் ஆட்களுக்கு ஒவ்வொரு தேயிலைத் துண்டும் ஒரு மலைதான், அதற்கு ஒரு நம்பரும் இருக்கும். வாசலுக்கு எதிரே இருந்தது எட்டாம் நம்பர். அம்மாவுக்குச் சீனி வியாதி. விரல் நுனிகளில் உணர்ச்சி போய்விட்டது. சுடு சட்டியைப் பிடித்துவிட்டு, தோல் கொப்பளித்த பிறகுதான் பார்ப்பார். கட்டை விரல் நகம் மட்டும் பழையபடியே அகலமாக, தடிப்பாக, ஒரு தேய்ந்த கரண்டி போல இருந்தது.

படம் அம்மாவுக்குப் பெரிதாகப் பிடிபடவில்லை.

"வெள்ளக்காரங்க மலையப் பாக்கத்தான வர்றாங்க? ஜன்னலத் தொறந்து விட்டா கொழுந்து தெரியுது. இதுக்கு எதுக்கு புள்ள ஒரு படம்?" என்று கேட்டார்.

"மழ பேஞ்சா ஜன்னலச் சாத்திருவாங்கம்மா."

அம்மா அதைக் கொஞ்ச நேரம் யோசித்தார். "அதுவும் சரிதான்" என்று விட்டுவிட்டார்.

நடுக்கொழுந்து எனக்கு நன்றாக வந்தது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. ஒரு வேலை சரியாக அமைந்தால் செய்தவருக்குத் தெரியும். மேல் இலை வெளிச்சத்தில் கரைந்து நின்றது, கீழ் இலை கொஞ்சம் மடங்கி, அதன் பல் பல்லான ஓரத்தில் ஒரு மெல்லிய சிவப்பு ஓடியது. வண்ணத்தைத் தாராளமாகத் தடிப்பாக வைத்திருந்தேன். அன்றைக்கே கைப்பேசியில் படம் பிடித்துக் கொழும்புப் பெண்ணுக்கு அனுப்பினேன். இதயம் இதயமாகப் பதில் வந்தது.

மறுநாள் பின்னேரம் நான் கீழே உட்கார்ந்து பிரஷ் கழுவிக்கொண்டிருந்தேன். அம்மா எனக்குத் தேத்தண்ணீர் கொண்டு வந்தார். கோப்பையை என் பக்கத்தில் வைத்துவிட்டு நிமிர்ந்தவர் படத்துக்கு முன்னால் அப்படியே நின்றார். அந்த நேரம் வாசல் வழியாக வந்த வெளிச்சம் நேராகக் கேன்வஸில் விழுந்துகொண்டிருந்தது. நான் குனிந்திருந்தேன். அம்மாவின் வளையல் சத்தம் கேட்டு நிமிர்ந்தபோது அவருடைய வலது கை நடுக்கொழுந்துக்குப் போயிருந்தது. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து, கீழ் இலைக்கு அடியில், தண்டில் ஒரு கிள்ளு. கிள்ளிய வேகத்திலேயே கை தோளுக்கு மேலால் பின்னுக்குப் போய் விரலை விரித்தது. முதுகில் கூடை இருந்திருந்தால் கொழுந்து அதற்குள் விழுந்திருக்கும்.

"ஐயோ அம்மா! என்ன பண்ணிட்டீங்க!"

அம்மா தன் கையைப் பார்த்தார். பிறகு படத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார். வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு, உடம்பெல்லாம் குலுங்கச் சிரித்தார்.

"கை போயிருச்சு புள்ள. நான் போகச் சொல்லல. அதுவா போயிருச்சு."

"ஈரமா இருக்கும்மா, எண்ணெ!"

"எனக்கு என்னா தெரியும், வெரல்ல ஒண்ணுந்தான் தெரியலயே. நல்ல பதமா நின்னுச்சு. விட்டா அடுத்த ரவுண்டுக்குள்ள முத்திருமில்ல?"

எனக்குக் கோபம் வந்த வேகத்தில் சிரிப்பும் வந்துவிட்டது. எத்தனை வாரத்து வேலை! தண்டின் குறுக்கே அவருடைய நகம் பிறை மாதிரி ஆழமாக இறங்கியிருந்தது. அதற்கு மேலே இரண்டு இலையின் வண்ணமும் இழுபட்டு ஒன்றோடு ஒன்று கலந்து கிடந்தது. இரண்டு பேரும் சிரித்து முடித்த பிறகு அம்மா விரலை முந்தானையில் துடைத்தார். முந்தானையில் பச்சை ஏறியது. நகத்துக்குள் போனது அப்படியே நின்றது. டர்பன்டைன் வைத்துத் துடைத்துவிடுகிறேன் என்றேன். "அந்த நாத்தத்தையா? சோறு திங்க வேணாமா நான்?" என்று உள்ளே போய்விட்டார். சனிக்கிழமை வெளிச்சத்தில் சரி செய்துகொள்ளலாம் என்று நானும் அந்த இடத்தை அப்படியே விட்டேன்.

சனிக்கிழமை வருவதற்குள் அம்மா இறந்துபோனார். காலையில் தேத்தண்ணீர் கொண்டுபோனேன், எழும்பவில்லை. இதயம் நின்றிருக்கிறது என்றார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் எனக்கு ஒழுங்காக ஞாபகம் இருக்கிறது. அதுதான் ஆச்சரியம். ஒன்றும் மங்கவில்லை. பக்கத்து வீட்டு அத்தை வந்து வாயில் அடித்துக்கொண்டு அழுதது, ஆட்கள் லயம் லயமாகப் போய்ச் சொன்னது, வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக் களத்துக்குப் போனவர்கள் பாதி வழியில் திரும்பி வந்தது, தப்பு மேளச் சத்தம் கீழே கோயிலடியிலிருந்து ஏறி வந்தது, எல்லாம் தெரிந்தது. எனக்குள்தான் ஒன்றும் நடக்கவில்லை. குளிரில் விறைத்த கையால் நூல் கோக்கும்போது ஊசி கையில் இருப்பது கண்ணுக்குத் தெரியும், விரலுக்குத் தெரியாது. அப்படித்தான் இருந்தது.

அம்மாவைக் கிடத்த முன்னறையைக் காலி செய்ய வேண்டும். ஆண்கள் வந்து கேன்வஸைப் பிடித்துத் தூக்கினார்கள்.

"ஓரத்தப் பிடிங்க! ஈரம்! முன்னுக்குத் தொடாதீங்க!" என்று கத்தினேன். அன்றைக்கு நான் சத்தமாகச் சொன்னது அது ஒன்றுதான். கத்தின பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தாய் செத்துக் கிடக்கும்போது படத்துக்குக் கத்துகிறாளே என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும் என்றிருந்தது. படத்தை அத்தை வீட்டுக் கட்டிலுக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

சவப்பெட்டி வருவதற்கு முன் பெண்கள் அம்மாவைக் குளிப்பாட்டினார்கள். எண்ணெயும் சீயக்காயும் வைத்துத் தேய்த்துக்கொண்டு வந்த அத்தை வலது கையில் வந்து நின்றுவிட்டார். கட்டை விரல் நகத்துக்குள் பச்சையாக ஏதோ இருக்கிறது என்று ஈர்க்குச்சி எடுத்துக் கிண்டினார். தேங்காய் நாரால் தேய்த்தார். கொழுந்துக் கறை என்று நினைத்துக்கொண்டு, "வேலய விட்டு இத்தன வருசமாகியும் போகலயே மகராசி" என்று சொல்லிச் சொல்லி அழுதார். கறை என்றால் கறுப்பாக இருக்கும். இது சாப் கிரீனும் மஞ்சளும் ஒரு துளி பர்ன்ட் அம்பரும் கலந்தது. கலந்தவள் நான்.

"விடுங்கத்த. அது தண்ணியில போகாது" என்றேன்.

டர்பன்டைன் போத்தல் எட்டும் தூரத்தில்தான் இருந்தது. நான் எடுக்கவில்லை.

பெண்கள் என்னைக் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தார்கள். ஒவ்வொருத்தியும் என் தலையைத் தன் தோளில் சாய்த்து அழுவாள், முடிந்ததும் அடுத்தவள். என் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. "அழுதுரும்மா, அழுதாத்தான் எறங்கும்" என்றார்கள். எனக்கும் அழ வேண்டும் போலத்தான் இருந்தது, ஆனால் வரவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். கன்னத்துக்கு ஓக்கர் வேண்டும், கண் பள்ளத்துக்கு நீலமும் சாம்பலும் என்று தலைக்குள் ஒருத்தி கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அவளை அடித்துத் துரத்த வேண்டும் போல இருந்தது. போக மாட்டேன் என்று அங்கேயே நின்றாள்.

தம்பி கொழும்பிலிருந்து வந்து வாசலிலேயே விழுந்து அழுதான். அவன் அழுததைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. மயானத்துக்கு ஆண்கள்தான் போனார்கள். தப்புச் சத்தம் எட்டாம் நம்பர் மலையைச் சுற்றி இறங்கி மறையும்வரை வாசல்படியில் நின்றேன். பிறகு உள்ளே வந்து வீடு கழுவினேன்.

கருமாதி முடிந்து எல்லாரும் போன பிறகு படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். கட்டிலுக்குப் பின்னால் நின்றதில் ஒரு மூலையில் ஒட்டடை ஒட்டியிருந்தது, மற்றபடி அப்படியே இருந்தது. நகம் பதிந்த இடமும் இருந்தது.

"இதென்னக்கா கீறல்? தூக்கும்போது பட்டுருச்சா?" என்று தம்பி கேட்டான்.

சொன்னேன். அம்மா கிள்ளியது, தோளுக்கு மேலால் போட்டது, சிரித்தது, எல்லாம். அவன் சிரித்துக்கொண்டே கேட்டான், பாதியில் முகத்தை மூடிக்கொண்டான். பிறகு மூக்கை உறிஞ்சிவிட்டு, "அப்பிடியே விட்டுருங்க. இது அம்மா கை" என்றான்.

"விட்டா ஹோட்டல்காரங்க யாரையாவது கூட்டியாந்து மேல பெயின்ட் அடிச்சு மூடிருவாங்க. அவுங்களுக்கு இது கீறல்தான்."

"அப்ப குடுக்காதீங்க. நம்மளே வச்சுக்குவோம்."

"எங்க வைக்க? இந்தச் செவுத்துலயா? மாட்டினா வாசல சாத்த ஏலாது."

அவன் கொழும்புக்கு வந்துவிடச் சொல்லிவிட்டுப் போனான். நான் பாடசாலைக்குப் போனேன், வந்தேன், சமைத்தேன், சாப்பிட்டேன். கேதம் கேட்க வருகிறவர்களுக்குத் தேத்தண்ணீர் ஊற்றினேன். அவர்கள் படத்தைப் பார்த்து "நல்லா உசிரா இருக்கும்மா" என்பார்கள். தலையாட்டுவேன்.

ஒன்று மட்டும் எனக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. வண்ணம் காய்ந்துகொண்டிருக்கிறது. ஈரமாக இருக்கும்போதே கத்தியால் தடவிச் சமன் செய்துவிட்டால் அங்கே ஏதும் நடந்த தடமே இருக்காது. மேலே தோல் பிடித்துவிட்டால் சுரண்ட வேண்டும். நன்றாகக் காய்ந்துவிட்டால் அந்த நகக் குழி படத்தில் நிரந்தரம். தினமும் பாடசாலை விட்டு வந்ததும் படத்தின் ஓரத்தில் சுண்டு விரலால் தொட்டுப் பார்ப்பேன். ஒட்டும். மறுநாள் கொஞ்சம் குறைவாக ஒட்டும். தொட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு எதையும் செய்யவில்லை. மூடினால் அம்மா கடைசியாகச் செய்த வேலையை நானே அழித்த மாதிரி. விட்டால் யாரோ ஒரு பெயின்ட்காரன் அழிப்பான். இரண்டில் எது மோசம் என்று யோசிப்பேன். யோசனையும் பாதியில் விறைத்துப்போகும்.

கொழும்புப் பெண் குரல் பதிவுகள் அனுப்பினாள். "டீச்சர், எந்த அளவுல இருக்கு? ஓப்பனிங்குக்கு முதல் மாட்டணும்." "டீச்சர், சுகந்தானே? பதிலே காணல்ல." அம்மா இறந்ததை அவளுக்கு நான் சொல்லவில்லை. இரண்டு தரம் எழுதி அழித்தேன். அவள் அதற்கும் ஏதாவது ஒரு பொம்மையை அனுப்புவாள், கும்பிடும் கை, அழும் முகம். அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. "மழை. காயவில்லை" என்று எழுதினேன். அது பொய்யுமில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூடுபனி விலகி வெயில் வந்தது. வாசல்படியில் அம்மா உட்காரும் இடத்தில் உட்கார்ந்திருந்தேன். முதல்நாள்தான் எட்டாம் நம்பரில் கொழுந்து பறித்திருந்தார்கள். எழும்பி அங்கே போனேன். எதற்கென்று கேட்டால் தெரியாது, கால் போனது. ஒரு செடிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்தேன். இத்தனை வருடம் கொழுந்து வரைந்திருக்கிறேன், பறித்த இடத்தை ஒருநாளும் வரைந்ததில்லை. யாரும் வரைவதில்லை. கொழுந்து போன பிறகு ஒரு சின்னக் காம்பு நிற்கிறது. அதன் தலையில் நகம் வெட்டிய வாய். முதல்நாள் வெட்டியதால் அதன் விளிம்பு பழுப்பாகி உள்ளுக்குச் சுருங்கியிருந்தது. பக்கத்தில் யாரோ அப்போதுதான் போகிற போக்கில் கிள்ளிவிட்டுப்போன இன்னொரு காம்பு இருந்தது. அதன் வாய் வெளிர்மஞ்சளாக, ஈரமாக இருந்தது. காம்புக்குக் கீழே முற்றிய இலைகள் ஒன்றுமே நடக்காதது போல வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

வீட்டுக்கு வந்து கத்தியை எடுத்தேன்.

நகக் குழிக்கு மேலே இருந்த இரண்டு இலைகளையும் மொட்டையும் சுரண்டினேன். தோல் பிடித்திருந்தது, உள்ளே இன்னும் ஈரம். சுருள் சுருளாகப் பெயர்ந்து வந்தது. நான் வரைந்ததிலேயே நல்ல இலை அது என்று கை சுரண்டும்போதே தெரிந்தது. வருத்தப்படவில்லை. வருத்தப்படக் கூடிய நிலையில் இல்லை. சுரண்டிய இடத்தில் பின்னால் இருக்கும் செடிகளின் இருட்டை வைத்தேன், அதற்குள் கொஞ்சம் மூடுபனி. குழிக்குக் கீழே காம்பு இருந்தது, அதைத் தொடவில்லை. குழியையும் தொடவில்லை. அதன் உள்ளே மட்டும், ஆக மெல்லிய பிரஷால், வெளிர்மஞ்சளை ஒரு சொட்டு வைத்தேன். இப்போதுதான் கிள்ளிய வாய். சுற்றி நின்ற நாலு கொழுந்தும் அப்படியே நின்றன. நடுவில், பெரிதாக, ஒன்றை யாரோ பறித்துக்கொண்டு போயிருந்தார்கள்.

வெளிச்சம் போனபோது தள்ளி நின்று பார்த்தேன். சரியாக இருந்தது. சந்தோஷம் என்று சொல்ல மாட்டேன். வேலை முடிந்தது, அவ்வளவுதான்.

அது நன்றாகக் காய இன்னும் ரொம்ப நாள் எடுத்தது. ஹோட்டல்காரர்களின் திறப்பு விழாவும் நல்ல வேளையாகத் தள்ளித் தள்ளிப் போனது. மழைக்காலம் முடிந்ததும் வேன் அனுப்பினார்கள். நானும் கூடவே போனேன். பாதையில் குலுங்கும்போதெல்லாம் திரும்பிப் பின்னால் பார்த்துக்கொண்டேன்.

பங்களா பளிச்சென்று இருந்தது. வேலையாட்கள் இரண்டு பேர் படத்தைச் சுவரில் ஏற்றினார்கள். கொழும்புப் பெண் எட்ட நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தாள். கிட்ட வந்தாள். தன் கைப்பேசியை எடுத்து நான் முன்பு அனுப்பிய படத்தைத் திறந்தாள். இதையும் அதையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"டீச்சர், நடுவுல ஒரு கொழுந்து இருந்ததே. எங்க அது?"

இதற்கு என்ன சொல்வது என்று வேனில் வரும் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். கலை, வெறுமை என்று இரண்டு வசனம் தயாராக இருந்தது. வாய் வேறு சொன்னது.

"எங்கம்மா பறிச்சிட்டாங்க."

அவள் கண்ணை அகல விரித்தாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். "ஐயோ, நல்லா இருக்கே! நான் இதை வாற ஆக்கள் எல்லாருக்கும் சொல்லுவன். அம்மா இப்பவும் தோட்டத்துலயா வேலை? ஓப்பனிங்குக்கு கட்டாயம் கூட்டிட்டு வாங்க டீச்சர். இதுக்குப் பக்கத்துல நிப்பாட்டி ஒரு போட்டோ எடுப்பம்."

"அம்மா" என்று ஆரம்பித்தேன்.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அம்மா இல்லை என்பதை நான் இதுவரை யாரிடமும் என் வாயால் சொன்னதில்லை. தோட்டத்தில் சொல்லத் தேவைப்படவில்லை. தப்புச் சத்தம் சொல்லிவிட்டது, லயம் லயமாகப் போன ஆட்கள் சொல்லிவிட்டார்கள். தம்பிக்கு அத்தை போன் பண்ணினார். பாடசாலைக்குப் பக்கத்து லயத்து ஆசிரியர் சொன்னார். என்னிடம் வந்தவர்கள் எல்லாரும் தெரிந்துதான் வந்தார்கள். தெரியாத ஒரு மனிதருக்கு முன்னால் நான் நிற்பது இதுதான் முதல் தடவை.

"அம்மா செத்துப் போயிட்டாங்க" என்றேன்.

சொன்னது என் காதில் விழுந்தது. அந்தப் பளபளப்பான தரையில் உட்கார்ந்து அழுதேன். ஒப்பாரி வைக்க எனக்குத் தெரியாது, ஆனால் அன்றைக்கு வந்த சத்தம் கிட்டத்தட்ட அதுதான். வேலையாட்கள் ஏணியை வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்கள். அந்தப் பெண் என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்தில் குந்தி என் முதுகைத் தடவினாள். ஒன்றும் பேசவில்லை. அதற்கு நான் இன்றைக்கும் அவளுக்கு நன்றி சொல்வேன்.

ரொம்ப நேரம் கழித்து எழும்பினேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு, படத்தைக் கொஞ்சம் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். "உங்கட படந்தானே டீச்சர்" என்றாள்.

கிட்டப் போய் அந்தக் காம்பின் தலையில் இருந்த நகக் குழியில் என் கட்டை விரல் நகத்தை வைத்தேன். அம்மாவின் நகம் என்னுடையதைவிட அகலம், இரண்டு பக்கமும் இடம் மிஞ்சியது. வண்ணம் நன்றாகக் காய்ந்திருந்தது.